ஈடு எங்கே போச்சு?

நடுவர் அவர்களே, பெண்ணுக்குக் கணக்கும் கடனும் எட்டாமல் தடுப்பது வங்கியா, வீடா என்பது தலைப்பு. வங்கிதான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார் எதிரணி நண்பர். "லோன் கேட்டால் மேனேஜர், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா என்கிறார்" என்றார். வாஸ்தவம்தான், சொல்கிறார்கள். அந்த மேனேஜரும் காலையில் ஒரு வீட்டிலிருந்துதானய்யா கிளம்பி வருகிறார்!

உலக வங்கியின் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2011-இல் இந்தியாவில் 100 பெண்களில் 26 பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2014-இல் வீட்டுக்கு வீடு வங்கிக் கணக்கு என்று ஜன்தன் திட்டம் வந்தது. 2021-இல் 78 பேர்; ஆண்களிலும் அதே 78. ஆனால் ஒரு வருஷமாகப் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை என்று கிடக்கிற கணக்கு, ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம்.

கடன் கொடுக்க வங்கி சொத்தை ஈடாகக் கேட்கிறதாம். கேட்கத்தான் செய்யும். அந்த ஈடு எங்கே போச்சு? இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் போய் நில்லுங்கள். அண்ணன் கார் வைத்து அழைத்து வருவார். மத்தியானம் பிரியாணி, கூட ஒரு பட்டுப்புடவை. "கூடப்பிறந்தவன்கிட்ட கணக்குப் பார்க்கலாமா?" என்று அம்மாவே சொல்லுவார். என் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் தங்கச்சி கையெழுத்துப் போட்டுவிடுவாள். பட்டாவை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பேங்க்காரன் பட்டா கேட்கிறான் என்று இங்கே வந்து அழுதால் எப்படி?

நகை? சங்கிலி இறங்குவது அவள் கழுத்திலிருந்து. நகைக்கடன் சீட்டில் பெயர் வீட்டுக்காரருடையது. மகளிர் குழுக் கடன் மட்டும் அவள் பெயரில்! தவணை கேட்டு வருகிறவர் வாசலில் நிற்கும்போது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

2023 செப்டம்பரிலிருந்து தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் மாதாமாதம் பெண்ணின் கணக்கிலேயே விழுகிறது. மெசேஜ் போவது மகன் போனுக்கு. ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் சட்டைப் பையில். மறந்துவிடக் கூடாதென்று கார்டு உறையிலேயே பேனாவால் பின் நம்பர்!

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து வரும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஐயா, உங்கள் வீட்டம்மாவின் கணக்கில் கொடுத்திருக்கும் செல் நம்பர் யாருடையது?