கேள்விக்குப் பின் மூன்று நொடி

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மாணவர்களின் ஆர்வத்தையும் படைப்பாற்றலையும் வளர்க்கும்படி வகுப்பறைக் கற்பித்தலை எப்படி மாற்றலாம் என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். புதிய பாடநூல், புதிய கருவி, புதிய கட்டடம் என்று இதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது செலவே இல்லாத ஒரு மாற்றம். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் அது.

நீங்கள் படித்த வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார். முன் பெஞ்சில் இரண்டு கைகள் சட்டென்று உயரும். அவர்களில் ஒருவர் எழுந்து விடை சொல்வார். "சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். மற்ற மாணவர்கள் அப்போதுதான் கேள்வியையே முழுமையாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். யோசிக்கத் தொடங்கும் முன்பே, யோசிக்க வேண்டிய தேவை முடிந்துபோகிறது.

மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், அறிவியல் வகுப்புகளின் உரையாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து இந்த இடைவெளியை அளந்தார். 1974ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வின்படி, ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் கருதிய மாணவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு நொடி கிடைத்தது. பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. யாருக்குக் கூடுதல் நேரம் வேண்டுமோ, அவர்களுக்கே குறைவாகக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அதே ஆசிரியர்கள் மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழகியபோது மாணவர்களின் விடைகள் பல மடங்கு நீண்டன. அவர்கள் தாமாகவே காரணம் சொன்னார்கள், தாமாகவே கேள்வி கேட்டார்கள். அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

இதைப் படித்து அறிந்ததைவிட, என் வகுப்பில் கண்டு உணர்ந்ததே எனக்குப் பெரிது. ஒருநாள் கண்ணாடிக் குவளை ஒன்றில் பனிக்கட்டி போட்ட நீரை நிரப்பி மேசை மேல் வைத்தேன். சற்று நேரத்தில் குவளையின் வெளிப்புறம் நீர்த்துளிகள் அரும்பின. "இந்த நீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். வழக்கமாக நானே "ஆவி சுருங்குதல்", அதாவது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீராவது, என்று கரும்பலகையில் எழுதிவிடுவேன். அன்று எழுதாமல் நின்றேன். வகுப்பில் நிற்பவருக்கு அந்த அமைதி எவ்வளவு நீண்டதாகத் தோன்றும் என்பதை, நின்று பார்த்தவர்களே அறிவார்கள்.

முதலில் ஒரு மாணவன், "உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்திருக்கும்" என்றான். தவறு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை; மறுபடியும் காத்திருந்தேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, அந்த ஆண்டு முழுவதும் தானாகப் பேசியே இராத ஒரு மாணவி, "தண்ணீரில் மை கலந்து பார்க்கலாமே, கசிந்தால் வெளியிலும் நிறம் வருமல்லவா?" என்றாள். கலந்தோம். வெளிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணியில் நிறமில்லை.

பாடம் அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் கசிவு என்று சொன்ன மாணவன் விடவில்லை; மை உள்ளேயே தங்கிவிட, வடிகட்டியதுபோல நீர் மட்டும் வெளியே வந்திருக்கலாமே என்றான். மிக நல்ல மறுப்பு! இந்த முறை அமைதி இன்னும் நீண்டது. அதே மாணவிதான் அதையும் கலைத்தாள். "உள்ளேயிருந்து வந்த நீர் என்றால் குவளையின் மொத்த எடை மாறாது, வெளியிலிருந்து வந்தது என்றால் எடை கூட வேண்டும்" என்றாள். ஆய்வகத் தராசைக் கொண்டுவந்து, வெளிப்புறம் துடைத்த குவளையை அதில் வைத்தோம். துளிகள் சேரச் சேர எடை கூடியது.

படைப்பாற்றல் என்று நான் சொல்வது இதைத்தான். ஓவியமும் கவிதையும் மட்டும் படைப்பல்ல. ஒரு கருத்தைச் சோதிக்க இதுவரை தனக்கு யாரும் சொல்லித் தராத வழி ஒன்றைக் கண்டுபிடிப்பதும் படைப்புதான். கசிவு என்ற அந்தத் தவறான விடையை நான் உடனே தள்ளியிருந்தால், மையும் வந்திராது, தராசும் வந்திராது. சரியான விடையை உடனே "மிக நன்று" என்று பாராட்டியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். பாராட்டு வந்தவுடன், விசாரணை முடிந்தது என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைய பாடவேளையில் ஒரு பக்கம்கூட நகரவில்லை என்பது உண்மை. போர்ஷனை முடிக்க வேண்டாமா, ஐம்பது அறுபது பேர் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்று ஆசிரிய நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எல்லாக் கேள்விக்கும் இப்படிக் காத்திருக்க இயலாது; ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி போதும். பெரிய வகுப்புக்கும் வழி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990களின் தொடக்கத்திலிருந்து தம் விரிவுரைகளை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு வந்தார். மாணவர்கள் முதலில் தனித்தனியே யோசித்துத் தம் விடையைத் தெரிவிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட வேண்டும். அதன்பின் மீண்டும் விடை சொல்ல வேண்டும். தனியே யோசிப்பது முதலில் வருவதுதான் இதில் முக்கியம். இல்லையென்றால், உரக்கப் பேசுபவரின் விடையே எல்லாருடைய விடையும் ஆகிவிடும். இங்கும் காத்திருத்தல்தான் அடிப்படை.

மதிப்பெண் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப்போகிறது என்று எதிரே சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் திறனும் உயர்ந்தன. கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. எண்ணைப் பார்த்தவுடன் தாளை மடித்து வைத்துவிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருந்ததுதானே. மாதம் ஒரு பயிற்சித் தாளையாவது எண் இடாமல், கருத்து மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கருத்தை எப்படி எழுதுவது என்பதை இன்னொரு வாய்ப்பு அமைந்தால் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.