பயிற்சி இயக்குநரின் கையொப்பம்

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவ ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் மாணவர்களின் பயிற்சிக்கும், பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பணியாற்றியபடியே மேற்பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவர்களின் பயிற்சிக்கும் பொறுப்பேற்கும் இயக்குநரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம்மூரில் எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே ரெசிடென்சியில் சேர விரும்பும் இளைஞர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். இரவுப் பணிப் பட்டியல், வகுப்பு அட்டவணை, மதிப்பெண் ஏடு ஆகியவற்றைக் கவனிக்கும் நிர்வாகியாகவே அவரைப் பலர் எண்ணுகிறார்கள். என் கருத்தில், கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரை நோயாளியிடம் எந்த அளவுக்குத் தனித்து விடலாம் என்று முடிவு செய்வதும், அப்படி விடப்பட்டவர் நள்ளிரவிலும் தயங்காமல் உதவி கேட்க வழி செய்து வைப்பதுமே அவருடைய தலையாய வேலை.

1889-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அங்கே தலைமை மருத்துவராக இருந்த வில்லியம் ஆஸ்லரும் அவருடைய சகாக்களும் பட்டம் பெற்ற இளம் மருத்துவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்துப் படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1893-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின்னர், மாணவர்களும் வார்டுகளுக்குள் வந்து நோயாளியின் அருகிலேயே கற்றார்கள். இந்த முறையின் சிறப்பு பொறுப்பைக் கொடுப்பதில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆபத்தை நாடே உணரும்படி செய்தது 1984 மார்ச்சில் நியூயார்க்கில் நிகழ்ந்த ஒரு மரணம். காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த லிபி சயான் என்ற 18 வயதுப் பெண்ணை அன்றிரவு கவனித்தவர்கள் முதலாண்டு, இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள். மூத்த மருத்துவர் நேரில் வராமல் தொலைபேசி வழியாகத்தான் தொடர்பில் இருந்தார். மன அழுத்தத்துக்காக ஃபெனெல்சின் என்ற மருந்தை உட்கொண்டுவந்த அப்பெண்ணுக்கு, அதனோடு சேரக்கூடாத பெத்திடின் என்ற வலிநிவாரணி கொடுக்கப்பட்டது. விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயான் விடாது போராடியதன் விளைவாக பயிற்சி மருத்துவர்களின் மேற்பார்வையையும் பணிநேரத்தையும் ஆராய மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைந்தது. 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்தியது. ரெசிடென்சிப் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பு 2003-இல் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. மக்கள் நினைவில் நின்றது இந்த 80 மணி நேரக் கணக்கு மட்டுமே. ஆனால் நோயாளியின் நலனுக்கு மேற்பார்வையே திறவுகோல், பணிநேரக் கட்டுப்பாடு அன்று என்று பெல்லே பிற்பாடு எழுதினார். அவர் சொன்னதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேற்பார்வை என்பது மூத்தவர் கட்டடத்துக்குள் இருப்பதோடு முடிந்துவிடுவதில்லை. இளையவர் அவரை அழைக்க வேண்டும். தன்னை மதிப்பிட்டு அறிக்கை எழுதப்போகிறவரிடமே "எனக்கு இது புரியவில்லை" என்று அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் எப்படிச் சொல்வார்? இங்கேதான் இயக்குநரின் திறமை வெளிப்பட வேண்டும். நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது என்று மூத்தவரைக் கட்டாயம் அழைக்க வேண்டிய தருணங்களை அவர் முன்கூட்டியே எழுத்தில் வகுத்துவிட வேண்டும். அங்கீகார விதிகளும் அதைக் கேட்கின்றன. எழுதப்பட்டுவிட்டால், அழைப்பது அறியாமையை ஒப்புக்கொள்வதாகத் தோன்றாமல் கடமையாகிவிடுகிறது. அழைப்பை எரிச்சலோடு எடுக்கும் மூத்தவரிடம் மறுநாளே பேசுவதும் இயக்குநரின் வேலைதான். அதைச் செய்யத் துணியாதவர் வகுத்த விதி வெறும் தாளாகவே கிடக்கும்.

மாணவர்களின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. வார்டில் அவர்களுக்குப் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பவர் ரெசிடென்ட்தான். அவர் கேள்வி கேட்க அஞ்சினால், அவரைப் பார்த்து வளரும் மாணவரும் அஞ்சவே கற்றுக்கொள்வார். ஆகவே ரெசிடென்ட்டுக்குக் கற்பிக்கும் கலையைப் பழக்குவதையும் இயக்குநர் தம் பணியாகக் கொள்ள வேண்டும்.

பயிற்சியின் முடிவில், இவர் இனித் தனித்து மருத்துவம் பார்க்கத் தகுதியுடையவர் என்று கையொப்பமிடுபவர் இயக்குநரே. ஆசிரியர்கள் அடங்கிய மதிப்பீட்டுக் குழு ஆண்டுக்கு இருமுறையாவது கூடி ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் ஆய்ந்து இயக்குநருக்கு ஆலோசனை சொல்லும், முடிவு இயக்குநருடையது. பொது மருத்துவத்தில் பயிற்சி மூன்று ஆண்டுகள். ஒருவர் பின்தங்குவது முதலாண்டிலேயே தெரிந்திருந்தும், சொல்ல மனம் வராமல் மூன்றாம் ஆண்டின் இறுதிவரை தள்ளிப்போடுவது இரக்கமாகாது. குறை இன்னது என்று நேரில் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, உடனிருந்து திருத்த ஓர் ஆசிரியரை அமர்த்தி, தேவையானால் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டும். அந்தப் பயிற்சியாளர் தம் தரப்பை எடுத்துரைக்கவும் முறையீடு செய்யவும் வாய்ப்பளிக்க வேண்டும். அதன் பிறகும் தகுதி வரவில்லையென்றால், கையொப்பமிட மறுக்கும் உரிமையும் கடமையும் இயக்குநருக்கு உண்டு.