கஞ்சாவைப் படிவத்தில் எழுதலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மேரிலாந்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்கக் குடிமகன். ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அரசு ரகசியங்களைக் கையாள அரசு தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் வாங்க வேண்டும். கொலராடோவில் கல்லூரியில் படித்தபோது சில தடவை கஞ்சா புகைத்திருக்கிறான். "அந்த மாநிலத்தில்தான் அது குற்றமில்லையே, எழுதாதே" என்கிறார்களாம் நண்பர்கள். அதற்கான படிவத்தில் கஞ்சாவைப் பற்றி எழுதலாமா, வேண்டாமா?

கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு குடைகிறது. கஞ்சாவால் அல்ல, அந்த நண்பர்களால்!

மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா குற்றம்தான். நிரப்ப வேண்டிய எஸ்.எஃப். 86 படிவத்தின் 23ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் பயன்படுத்தினாயா என்று கேட்கிறது. மாநிலச் சட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது. 'ஆம்' என்றால், முதலில் எந்த மாதம், எந்த ஆண்டு, கடைசியாக எப்போது, எத்தனை தடவை, இனிமேலும் பயன்படுத்த எண்ணமா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். படித்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அங்கே எழுதும் உண்மையான பதிலைப் பின்னாளில் குற்ற வழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்ற உறுதியும் அதே பகுதியில் உண்டு. பொய் எழுதினால் அந்தக் காப்பு கிடையாது. அதற்கு 5 ஆண்டு வரை சிறை.

நம் பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும்: பழக்கத்துக்கு வயதாகும், பொய்க்கு வயதாகாது. கல்லூரிக் காலத்துக் கஞ்சாவை 'முன்பு நடந்தது, அபூர்வமாக நடந்தது, நின்றுவிட்டது' என்று எடைபோட அனுமதி தருவதை முடிவுசெய்ய 2017இல் நடைமுறைக்கு வந்த 13 வழிகாட்டு நெறிகளில் இடமிருக்கிறது. அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் அப்போதைய தேசியப் புலனாய்வு இயக்குநர் ஏவ்ரில் ஹெயின்ஸும் எழுதினார். மறைத்தாலோ விஷயம் வேறொரு நெறிக்குத் தாவிவிடும்: இவரை நம்பலாமா?

அனுமதி கிடைக்காத ஒப்பந்த ஊழியர்களின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் வெளியிடுகிறார்கள். எனக்கு அவற்றைப் படிக்கும் கிறுக்கு உண்டு. திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்றுதான். படிவத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார். பிறகு பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனையின்போதோ விசாரணை அதிகாரி முன்போ ஒப்புக்கொள்கிறார். நீதிபதி கஞ்சாவைப் பொறுத்துக்கொண்டு, பொய்யைக் காரணம் காட்டி அனுமதியை மறுத்துவிடுகிறார். சொன்னேனே, பொய்க்கு வயதாகாது.

நான் எதிர்பார்த்த கேள்வி இது: முன்பே 'இல்லை' என்று எழுதிவிட்டவர் என்ன செய்வது? அதிகாரி ஆதாரத்தோடு கேட்பதற்குள், தாமதிக்காமல், தானாகவே திருத்திக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் சாதகமாகக் கொள்ள விதியில் இடமுண்டு. வக்கீலோ, இந்த நடைமுறைக்குப் பொறுப்பான அலுவலரோ தவறாக வழிகாட்டியிருந்தால் அதையும் பார்ப்பார்கள். விடுதி நண்பன் சொன்னான் என்பது செல்லாது.

ஐயா, மகன் எழுதட்டும். ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை: இப்போது நிறுத்திவிட்டானா? இன்னும் புகைக்கிறவருக்கு அனுமதி கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. முதலில் அதை அவனிடம் கேளுங்கள்.