சொல்லாமல் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். புதையலைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. கடலூரில் ஒரு வங்கியில் முப்பது வருஷம் காசாளராக உட்கார்ந்திருந்தவன். ஆனால் ஒளித்துவைத்த பணத்தை என் அளவுக்குக் கையால் தொட்டவர்கள் குறைவு.

நோட்டை வாங்கும்போதே அது எங்கே இருந்தது என்று மூக்கு சொல்லிவிடும். கடுகு டப்பா நோட்டுக்கு ஒரு வாசனை. பட்டுப்புடவை மடிப்பில் இருந்தது என்றால் அந்துருண்டை. முதுநகர் மீன்கார அம்மாக்கள் கொடுக்கும் நோட்டை எண்ணிவிட்டு இரண்டு தடவை கை கழுவினாலும், மத்தியானம் தயிர்சாதத்தில் கருவாடு மணக்கும். குறையாகச் சொல்லவில்லை, அது உழைத்த பணம். கரையான் அரித்த நோட்டும் வரும். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40-லிருந்து 80 வரை இருந்தால் பாதி. இதுதான் இப்போதைய விதி. கரையானுக்கு விதி தெரியாது.

இந்தப் பணத்துக்கெல்லாம் நம் வீடுகளில் ஒரு பெயர் உண்டு. சிறுவாடு. காய்கறியில் மிச்சம், பால் கணக்கில் மிச்சம், புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்தது. புதைத்து வைப்பவர்களைக் கருமி என்று திட்டும் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறுவாடு சேர்ப்பவள் கருமி இல்லை, பயந்தவள். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 மாசி மாதம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கவுண்டரில் வைத்துப் பிரித்தார். பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். சுருள் சுருளாக, இருபத்து மூன்று. அரிசி வாசனை. 11,500 ரூபாய்.

"இது இப்போது செல்லாதும்மா. டிசம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது" என்றேன்.

"அது எங்களுக்கும் தெரியும் சார். எங்க வீட்டுல யாரும் வெச்சிருக்கல. இது மாமியாருது" என்றார்.

மாமியாருக்கு ஐப்பசியில் வாதம் வந்து பேச்சு போய்விட்டது. 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் அறிவிப்பு வந்தபோது அந்தக் கிழவி அதே கூடத்தில்தான் படுத்திருந்தார். மறுநாளிலிருந்து கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தாராம்.

"கஞ்சி கேக்குறாங்கன்னு நினைச்சு கஞ்சி ஊத்தினோம் சார். குடிச்சிட்டு, திரும்பவும் காட்டுவாங்க. திரும்பவும் ஊத்துவோம்."

தையில் கிழவி போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்க அரிசிப் பானையைக் கவிழ்த்தபோது அடியில் இந்த முடிச்சு. நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. துணியை மறுபடி முடிந்து கொடுத்தேன். பழைய நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தாலே அபராதம் என்று அந்த மாதமே சட்டமும் வந்தது.

அப்புறம் ரிசர்வ் வங்கி கணக்குச் சொன்னது. செல்லாமல் போனது 15.41 லட்சம் கோடி, திரும்பி வந்தது 15.31 லட்சம் கோடி. வராமல் போனது பத்தாயிரம் கோடிச் சொச்சம். பேப்பரில் அதைப் படித்ததும் அந்தக் கறுத்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. அந்தச் சொச்சத்தில் ஒரு 11,500 எனக்குத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், புதையல் என்று நாம் வாயைப் பிளக்கிற ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட முடிச்சுதான். வைத்தவர் திரும்ப வந்து எடுத்திருந்தால் அது வெறும் சேமிப்பு. வராமல், யாரிடமும் சொல்லாமல் போனால்தான் புதையல். 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் மண்ணுக்குள் ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. நம் பக்கத்துச் சீர்காழியில் 2023-இல் குடமுழுக்குக்காகத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. சாமியையே புதைத்து வைத்தவர்கள், ஆபத்து போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே புதைத்திருப்பார்கள்? இடம் தெரிந்தவர் யாரோ, எந்த ஊர்த் திண்ணையில் கண்ணை மூடினாரோ.

புதுச்சேரிக்காரர்களுக்கு அரிக்கமேடு தெரியும். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மது ஜாடித் துண்டுகளை எடுத்த இடம். ஆனால் பெரிய காசுக் குவியல்கள் வேறு ஊர்களில்தான் கிடைத்தன. 1898-இல் புதுக்கோட்டையில் 501 ரோமானியப் பொற்காசுகள். மொய் எழுதுகிற மாதிரி 501! அதில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. கழித்துக்கட்டிய நோட்டில் நாங்கள் ஓட்டை போடுவோமே, அதுபோல இனிமேல் நாணயமாகச் செல்லாது என்பதற்கான அடையாளம் என்றே என் காசாளர் புத்திக்குப் படுகிறது. வைத்தவர் பெயரும் தெரியாது, அவர் எதற்குப் பயந்தார் என்பதும் தெரியாது.

இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், 1992-இல், ஒரு குடியானவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன நண்பருக்குச் சுமார் 15,000 ரோமானியக் காசுகள் கிடைத்தன. கூடவே வெள்ளியில் மிளகுச் சிமிழ்கள். மிளகு நம் நாட்டிலிருந்து போனது! சுத்தியலும் கிடைத்தது, அதையும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இதை நான் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்வேன்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். அரிசி, வெங்காயப் பதுக்கலைப் பற்றி நாலு பக்கம் எழுதி வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவாகி, நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தமும் இல்லை என்றால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசுக்கு வேண்டுமானால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். ஆமாம், பத்து ரூபாய்தான்.

நேற்று இந்த உரையை எழுதிக்கொண்டிருந்தபோது, "உன் சிறுவாட்டை எங்கே வைத்திருக்கிறாய், எனக்காவது சொல்லி வை" என்று வீட்டில் கேட்டேன். "நல்லா இருக்கே, நாளைக்கு ரேடியோவுல சொல்றதுக்கா?" என்றாள். நன்றி, வணக்கம்.