ஹெவி மெட்டலைப் பெற்றெடுத்தது தொழிற்சாலையே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வழக்குக்கு வருகிறேன்.

கனத்த கிதார் ஓசையில் முழங்கும் ராக் இசையான ஹெவி மெட்டலுக்கு அடையாளம் தந்தது ஒலிபெருக்கியின் முழக்கமா, உழைப்பாளியின் வலியா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் செய்ததில் தொடங்கினார். 1964இல் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் ஒலிபெருக்கிக் கூம்பைப் பிளேடால் கீறி, கிதாரின் ஓசையைக் கரகரப்பாக்கிய கதையையும் சொன்னார். அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் முடிக்கும்போது, "நாலு பாத்திரத்தை மாடிப்படியில் உருட்டிவிட்டால் அதுவும் ஹெவி மெட்டல்தான், இதற்கு எதற்கு வலியும் வரலாறும்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதி. ஆண்டு 1965. கிதார் வாசிக்கும் பதினேழு வயது டோனி அயோமி, தகடு வேலை நடக்கும் தொழிற்சாலையில் வெல்டர். ஒரு இசைக்குழுவோடு ஜெர்மனிக்குப் போக வாய்ப்பு வந்துவிட்டது. அன்று வேலைக்குக் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், "இனி திரும்பிப் போகப் போவதில்லை அம்மா" என்கிறார். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அனுப்பி வைக்கிறார்.

எந்தத் தாய் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்? நம் வீட்டிலும் இதைத்தானே சொல்லி வளர்த்தார்கள்!

பிள்ளை போகிறான். தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. "நீ நில்" என்கிறார்கள். பழக்கமில்லாத இயந்திரம். இறங்கிய அழுத்தி, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் கொண்டு போய்விட்டது. வலது கைதானே என்று நினைக்காதீர்கள். அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்திகளை அழுத்திச் சுரம் பிடிப்பதே அந்த வலது கைதான்! இன்னும் சில மணி நேரம். அவ்வளவு கழிந்திருந்தால் அவர் அந்த வாசலை விட்டு வெளியே வந்திருப்பார். அம்மா ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பத்து விரலோடு ஜெர்மனியில் இருந்திருப்பார்.

இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார் இசை. தீக்காயத்தில் கை முடங்கி, இரண்டே விரலால் தந்தியில் ஓடியவர் அவர் என்று சொன்னார். அதைக் கேட்ட டோனி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கினார். விரல் நுனிக்கு உறை செய்து, சூடான கம்பியால் துளையிட்டு, தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். தந்தியில் வழுக்கியது. பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டினார்.

எதிரணித் தலைவரே, உருண்டு விழுந்த பாத்திரம் இப்படித் தனக்குத் தானே விரல் செய்துகொள்ளுமா?

கெட்டித் தந்தி வலித்தது. பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கட்டினார். அவருடைய பிளாக் சாபத் குழுவுக்கு 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை ஒன்றரைப் படி இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். விரலுக்கு இதம் தேடி இறக்கிய சுருதி, இசைக்குக் கனம் தந்தது. இன்று உலகெங்கும் மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் அன்று கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸிடமும் இருந்தது, தி ஹூ என்ற ராக் குழுவிடமும் இருந்தது. ஓசை மட்டுமே போதுமென்றால் மெட்டல் அங்கேயே பிறந்திருக்க வேண்டுமே?

வெறும் சத்தம் என்றீர்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. டோனியின் பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் வெளியானது. அதன் முதல் பாடலில், மழைக்கும் மணியோசைக்கும் பிறகு வரும் கிதாரைக் கேளுங்கள். மூன்றே சுரம். கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். அதை அசைத்து அசைத்து நிறுத்துகிறார். ஐரோப்பாவில் சாத்தானின் பெயரைச் சூட்டிய சுர இடைவெளி இது. நமக்கோ கல்யாணி ராகத்தின் உயிரே அந்த மத்தியமம்! 72 மேளகர்த்தா ராகங்களில் பாதி அதில்தான் நிற்கிறது. மற்றவர்கள் காதலையும் பூக்களையும் பாடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் அச்சத்தை ஒரே ஒரு சுரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். இதைச் சத்தம் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பாடலின் குரல் யாருடையது? குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னுடையது. கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் தொழிற்சாலையிலும், பிறகு இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தவர். சிறுவனாக இருந்தபோது வில்லா பார்க் மைதானத்தைச் சுற்றிய தெருக்களில், கால்பந்து பார்க்க வந்தவர்களின் கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்கியவர்.

2025 ஜூலை 5. அதே வில்லா பார்க். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, அரியணை போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். பக்கத்தில் டோனி, பேஸ் கிதார் வாசிக்கும் கீசர் பட்லர், டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்ட். அந்த நான்கு ஆஸ்டன் பிள்ளைகளும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. திரட்டிய நிதி நோயாளிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. பதினேழு நாளில், ஜூலை 22ஆம் தேதி, ஆஸி போய்விட்டார். அவருடைய ஊர் மக்கள் தெருவில் வரிசையாக நின்று, அழுதபடியே அவர் பெயரைக் கூவி வழியனுப்பினார்கள். ஐயா, ஒலிபெருக்கிக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். அதை அந்தத் தொழிலாளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.