ரயிலுக்கு நிற்கும் கவிஞர்

வணக்கம் நேயர்களே. தெற்கு பிரான்சில் ஆர்ல் என்றொரு ஊர். அங்கே ஒரு சதுக்கம், ரோமானியர் காலத்துத் தூண்கள் இரண்டு ஓட்டல் சுவரோடு ஒட்டி நிற்கும். வான்கோ 1888இல் வரைந்தாரே, மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு காபிக்கடை, அது இருந்ததும் அங்கேதான். கடையைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு, பக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிலை யாருடையது என்று தெரியாது.

அவர் பிரெடெரிக் மிஸ்த்ரால். 1830இல் பக்கத்துக் கிராமமான மையானில் பிறந்தவர், விவசாயி மகன். சட்டம் படித்தார், வக்கீலாகவில்லை. படித்தவர்கள் மட்டமாக நினைத்த புரொவான்சால் மொழியில், அதாவது தன் அம்மா பேசிய மொழியில், கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார். 1859இல் அவருடைய 'மிரெயோ' காவியம் வந்தபோது பாரிஸில் பெரிய பிரெஞ்சுக் கவிஞரான லமார்த்தீன் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். அப்புறம் அந்த மொழிக்குப் பெரிய அகராதியும் போட்டார். 1904இல் நோபல் பரிசு.

சிலை வைத்தது 1909இல், மிரெயோவுக்கு 50 வயதானபோது. கவிஞர் உயிரோடுதான் இருந்தார். திறப்பு விழாவுக்கும் வந்தார். தன் சிலையைத் தானே அண்ணாந்து பார்ப்பது, எனக்கென்னவோ சங்கடமான காரியமாகத்தான் படுகிறது. சிலையில் அவருக்குத் தலையில் அகலத் தொப்பி, கையில் தடி, இன்னொரு கையில் மடித்துப் போட்ட மேல்கோட்டு. ரயிலுக்கு நிற்பவன் மாதிரி இருக்கிறேன், பெட்டி ஒன்றுதான் குறை என்று அவரே கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காக அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். இன்று நிற்பது போருக்குப் பின் வைத்தது.

ஆனால் மிஸ்த்ரால் தன் மனசை வைத்தது வேறிடத்தில். சிலைக்குப் பல வருஷம் முன்பே, 1890களில், ஆர்லில் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பெயர் மியூசியோன் ஆர்லாத்தென். ராஜா ராணி சாமான் எதற்கும் அங்கே முதலிடம் இல்லை. தொட்டில், மாவு பிசையும் மரப்பெட்டி, பெண்கள் கட்டும் தலைத்துணி, மாடு மேய்ப்பவரின் சூலம், இதெல்லாம்தான். கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டு மேசையை ஆளுயரப் பொம்மைகளோடு ஓர் அறையில் அப்படியே அமைத்தார். பொருள்களுக்குக் குறிப்புச் சீட்டுகளைத் தன் கையாலேயே எழுதினார். காவலுக்கு இருக்கும் பெண்கள் உள்ளூர் உடையில்தான் வரவேண்டும் என்றும் சொல்லி வைத்தார். இது கொஞ்சம் அதிகம்தான்! நோபல் பணத்தையும் இதிலேயே போட்டார். கிழவர் பிடிவாதக்காரர்.

நீண்ட நாள் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2021இல் அதை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆர்ல் பக்கம் போகிறவர்கள் முதலில் அங்கே போங்கள். சிலை நடக்கும் தூரத்தில்தான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.