டோனி ஸ்காட்: வேலையைக் கொண்டாடிய கலைஞர்

நண்பர்களே, வணக்கம்.

ஹாலிவுட் இயக்குநர் டோனி ஸ்காட் மறைந்தது 2012 ஆகஸ்ட் 19 அன்று. அப்போது அவருக்கு 68 வயது. அந்த முடிவைப் பற்றி ஊகங்கள் நிறைய வந்தன. அவற்றுக்கு இந்த மேடையில் இடமில்லை. அவர் விட்டுச் சென்ற படங்களைப் பற்றிப் பேசத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

அவர் உயிரோடு இருந்தவரை விமர்சகர்களில் பலர் அவரை ஒரே மாதிரிதான் ஒதுக்கினார்கள். படம் பளபளவென்று இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை, விளம்பரப் படம் எடுத்தவர்தானே என்றார்கள். இன்றும் அவரைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை என்பது என் கட்சி. அவருடைய படங்களுக்குள் கனமான ஒரு விஷயம் இருக்கிறது. அது வேலை. தன் தொழிலைக் கரைத்துக் குடித்த ஒரு மனிதர், நெருக்கடி வந்து நிற்கும்போது என்ன செய்கிறார்? இதை அவரைப் போல ஆசையோடும் மரியாதையோடும் பார்த்த ஆக்‌ஷன் இயக்குநரை நான் அறியேன். அந்த ஸ்டைல் எல்லாம் அதற்காக உருவானதுதான்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் 1944-இல் பிறந்தவர். மூன்று சகோதரர்களில் கடைக்குட்டி. அண்ணன் ரிட்லி ஸ்காட் தன் முதல் குறும்படத்தை எடுத்தபோது, அதில் சைக்கிள் ஓட்டித் திரிகிற பையனாக நடித்தது இந்தத் தம்பிதான். ஆனால் தம்பியின் மனம் ஓவியத்தில் இருந்தது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் வரை போய் ஓவியம் படித்தார். என்னோடு வந்து வேலை செய், ஒரே வருடத்தில் உன்னிடம் ஃபெராரி கார் இருக்கும் என்று ஆசைகாட்டித்தான் அண்ணன் அவரைத் தன் விளம்பரப் பட நிறுவனத்துக்கு இழுத்தார். கார் வந்தது, ஓவியரும் கூடவே இருந்தார். அவருடைய எந்தப் படத்தையும் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்: வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிறம் எந்த இடத்தில் அடர்ந்து எங்கே கரைகிறது என்பதையெல்லாம் தூரிகை பிடித்த கை முடிவு செய்திருக்கும்.

1983-இல் வந்த 'தி ஹங்கர்' ஓடவில்லை. கேத்தரின் டெனுவ், டேவிட் போவி, சூசன் சரண்டன் மூவரும் இருந்தும் ஓடவில்லை. திரும்பவும் விளம்பரப் படங்களுக்கே போனார். அங்கே சாப் காருக்கு அவர் எடுத்த ஒரு விளம்பரத்தில் காரும் போர் விமானமும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். அதைப் பார்த்த தயாரிப்பாளர்கள் டான் சிம்ப்சனும் ஜெர்ரி ப்ரக்ஹைமரும் கூப்பிட்டுக் கொடுத்த படம்தான் 'டாப் கன்'. 1986-இல் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் அது.

'டாப் கன்' என்றதும் டாம் க்ரூஸும் மோட்டார் சைக்கிளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம், விடியல் வெளிச்சம், நீராவி. ஹெல்மெட் போட்ட ஆட்கள் கையசைத்துச் சைகை காட்டுகிறார்கள், குனிந்து ஓடுகிறார்கள், விமானத்தைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். கதாநாயகன் இன்னும் வரவில்லை, அந்த ஆட்களுக்குப் பெயரும் இல்லை. ஆனாலும் ஒரு வசனம்கூட இல்லாமல் அவர்களை அப்படி ஒரு அழகோடு காட்டுகிறார். இதை அலங்காரம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. உழைக்கிற உடம்பை இவ்வளவு கம்பீரமாகக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் படப்பிடிப்பில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. யூ.எஸ்.எஸ். எண்டர்பிரைஸ் கப்பல் திசை திரும்பியதும் வெளிச்சம் மாறிவிட்டது. பழைய திசையிலேயே போகச் சொல்லிக் கேட்டார். அதற்கு 25,000 டாலர் செலவாகும் என்று பதில் வந்தது. உடனே காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார், இன்னும் ஐந்து நிமிட வெளிச்சத்துக்காக! இதே படத்துக்காக வானில் படமெடுக்கும்போது சாகச விமானி ஆர்ட் ஷோல் விபத்தில் உயிரிழந்தார். படம் அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டது. திரையில் பெயர் தெரியாமல் உழைப்பவர்களின் உயிர் என்ன விலை என்பது டோனி ஸ்காட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்து வந்த சில படங்களைத் தாண்டிப் போகிறேன். 1993-இன் 'ட்ரூ ரொமான்ஸ்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இயக்குநர் குவென்டின் டாரன்டினோ எழுதிய கதை. அதில் டென்னிஸ் ஹாப்பரும் கிறிஸ்டோபர் வாக்கனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சி இருக்கிறதே, அங்கே கேமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நடிகர்களுக்கு வழிவிடத் தெரியாதவர் என்று இவரைச் சொல்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கட்டும்.

இனி 'க்ரிம்சன் டைட்', 1995. என்னைக் கேட்டால் அவருடைய முழுமையான படம் இதுதான். அணு ஏவுகணைகளைச் சுமந்து செல்லும் நீர்மூழ்கிக் கப்பல். ஏவச் சொல்லி உத்தரவு வருகிறது. அடுத்து இன்னொரு செய்தி பாதியில் அறுந்துபோகிறது. அது ரத்து உத்தரவாக இருக்குமோ என்று துணைக் கேப்டன் டென்சல் வாஷிங்டனுக்குச் சந்தேகம். கையில் இருக்கும் முழு உத்தரவைத்தான் நிறைவேற்ற வேண்டும் என்கிறார் கேப்டன் ஜீன் ஹாக்மன். இருவருமே விதிப்படிதான் பேசுகிறார்கள், இருவருமே தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். வில்லன் என்று கைகாட்ட அங்கே யாரும் இல்லை. அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கப்பலுக்குள் கலகம் நடக்கிற கதை என்பதால் அமெரிக்கக் கடற்படை உதவ மறுத்துவிட்டது. படக்குழு பேர்ல் ஹார்பருக்கு வெளியே காத்திருந்தது. உண்மையான யூ.எஸ்.எஸ். அலபாமா துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் பின்தொடர்ந்து போய், அது நீரில் மூழ்குவதைப் படம்பிடித்து வந்தது. உள்ளே நடக்கும் காட்சிகளுக்கு ஹைட்ராலிக் மேடையில் அரங்கம் போட்டார்கள். கப்பல் சாயும்போது தரையே சாய்ந்தது, நடிகர்கள் நிஜமாகவே கால் ஊன்றி நின்றார்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாக முகங்களில் விழும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். நகர இடமில்லாத இரும்புக் குழாய்க்குள் இரண்டு பேர் வாக்குவாதம் செய்வதைப் பார்க்கிற உணர்வே வராது. அந்த நிறங்கள் நம் மூச்சை இறுக்கிக்கொண்டே போகும்.

டென்சல் வாஷிங்டனோடு மொத்தம் ஐந்து படங்கள் செய்தார். அதில் இரண்டாவது, 2004-இல் மெக்சிகோ நகரில் எடுத்த 'மேன் ஆன் ஃபயர்'. இங்கேதான் அவருடைய பாணி உச்சத்துக்குப் போகிறது. கையால் சுற்றும் பழைய வகைக் கேமராக்களைப் பயன்படுத்தினார். சுற்றும் வேகம் ஒரே சீராக இருக்காது. அதனால் பிம்பம் துள்ளும், வெளிச்சம் விட்டு விட்டு எரியும். ஒருவகை ஃபிலிமை வேறுவகைக்கு உரிய ரசாயனத்தில் கழுவி நிறங்களைத் தீயாய் ஏற்றினார். வசன எழுத்துகள்கூடத் திரையின் அடியில் அடங்கிக் கிடக்காமல், பேசுகிறவரின் தவிப்புக்கேற்பப் பெரிதாகி நகரும். அந்தக் கதாபாத்திரம் குடியிலும் குற்ற உணர்விலும் தூக்கம் தொலைத்தவன். அவன் தலைக்குள் உலகம் இப்படித்தான் தெரியும். அதே படத்தின் முதல் பகுதியைப் பாருங்கள். அவனும் சிறுமியும் நீச்சல் பயிற்சி செய்கிறார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குத் திடுக்கிடாமல் குளத்தில் பாயக் கற்றுக்கொடுக்கிறான். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கனிவு! அந்தக் கனிவை அவர் சம்பாதித்து வைத்ததால்தான் பின்னால் வரும் ஆவேசம் நம்மைத் தொடுகிறது. அடுத்த ஆண்டு வந்த 'டாமினோ'வில் அந்த உத்திகள் மட்டும் தங்கின, தாங்கிப் பிடிக்க அப்படி ஒரு மனிதர் இல்லை. அந்தப் படம் எனக்கு ஒட்டவில்லை.

கடைசி இரண்டு படங்களும் ரயில் படங்கள். 2009-இல் நியூயார்க் சுரங்க ரயிலின் கட்டுப்பாட்டு அறை ஊழியர் கதை. அதற்கடுத்து 2010-இல், இப்போது நாம் பார்க்கப்போகும் 'அன்ஸ்டாப்பபிள்'. 2001 மே மாதம் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமல் யார்டை விட்டு ஓடியது. ஆபத்தான ரசாயனம் ஏற்றிய வண்டிகளோடு சுமார் இரண்டு மணி நேரம், 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓட்டுநர் தண்டவாள இணைப்பைத் திருப்ப இறங்கினார். பிரேக் போட்டதாக அவர் நினைத்தார், எஞ்சினோ இழுவிசையில் இருந்தது. ரயில்வே ஊழியர்களே இன்னொரு எஞ்சினில் பின்னால் துரத்திப்போய் அதை மாட்டி மெதுவாக்கினார்கள். இந்தச் சம்பவத்தைப் பென்சில்வேனியாவுக்கு மாற்றி, பெரும்பாலும் நிஜ ரயில்களை ஓடவிட்டே படம் எடுத்தார்.

ஆஸ்கர் அவரைச் சிறந்த இயக்குநர் பட்டியலில் ஒருமுறைகூடச் சேர்க்கவில்லை. 2022-இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' அதே போன்ற கப்பல் தளத்தில், அதே போன்ற உழைப்பாளிகளோடுதான் தொடங்கியது. அது அவர் நினைவுக்கே சமர்ப்பிக்கப்பட்டது. எனக்கு இந்த மரியாதை பெரிதாகப் படுகிறது.

விளக்கை அணைக்கும் முன் சிலவற்றைச் சொல்லி அனுப்புகிறேன். கட்டாய ஓய்வுக்கு நோட்டீஸ் வாங்கிய மூத்த ஓட்டுநராக டென்சல், புதிதாக வேலைக்கு வந்தவராகக் கிறிஸ் பைன். இருவரும் ஆரம்பத்தில் முறைத்துக்கொள்வது ரயிலைப் பற்றி அல்ல, யார் வேலை யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி. அதைக் காதில் வாங்குங்கள். யார்டின் பொறுப்பாளராக ரோசாரியோ டாசன் ஒரு அறைக்குள் ஃபோனும் கையுமாக நின்றே படத்தின் பாதிப் பதற்றத்தைத் தாங்குகிறார். நிறுவனத்தின் தலைவர் கோல்ஃப் மைதானத்தில் நின்று முடிவெடுக்கிறார், அந்தக் காட்சியை டோனி ஸ்காட் எங்கே வெட்டிச் சேர்த்திருக்கிறார் பாருங்கள். டென்சல் ஓடும் ரயிலின் மேல் ஏறி ஒவ்வொரு வண்டியாகக் கைப்பிரேக்கைச் சுற்றும்போது கேமரா அவர் கைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதையும் பாருங்கள். நெட் என்று ஒரு வெல்டர் வருவார். தாமதமாக வேலைக்கு வந்து திட்டு வாங்குகிற ஆள், யாரும் பெரிதாக எண்ணாத ஆள். அவர் பிக்கப் வண்டி மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

படம் 98 நிமிடம். இடைவேளை கிடையாது. போடலாம்.